வேஷம் கட்டி ஓடுகிறவர்கள்

"என்ன தம்பி, வேண்டுதலா?"

டிசம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டி வேளச்சேரி சாலையில் இருக்கும் டீக்கடையில், பாய்லருக்குப் பின்னால் நின்ற அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். சிவப்பு வெல்வெட்டில் சட்டையும் பேண்ட்டும், இடுப்பில் கறுப்பு ரெக்சின் பெல்ட், மோவாயில் பஞ்சுத் தாடி. தாடியின் ஒரு பக்கம் வியர்வையில் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் இன்னும் பத்து சாண்டா கிளாஸ்களும் ஒரு மானும் மூச்சு வாங்கியபடி வந்துகொண்டிருந்தார்கள்.

"சும்மாதான்க்கா."

"சும்மாவா?"

அக்கா ஒருமுறை எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார். அந்தச் "சும்மாவா"வில் கேலி இல்லை. கல்லாவில் ஐந்து ரூபாய் இடிக்கும்போது வரும் முகம் அது. நம்மூரில் வளர்ந்த ஆள் ஒருவன் வேஷம் கட்டிக்கொண்டு விடிகாலையில் தெருவுக்கு வந்தால் அதற்கு ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். சாமிக்கு வேண்டுதல் இருக்கலாம். துணிக்கடை விளம்பரமாக இருக்கலாம். கட்சி ஊர்வலமாகக்கூட இருக்கலாம், சட்டை சிவப்புதானே. 'சும்மா' மட்டும் கணக்கில் சேராது.

நாங்கள் ஜிஎஸ்டி சாலையோர அலுவலகங்களில் வேலை பார்க்கும் ஓர் ஓட்டக் கோஷ்டி. வாரம் மூன்று நாள் கிழக்கு தாம்பரத்திலிருந்து செம்பாக்கம் வரை போய்த் திரும்புவோம். யாரோ ஒருவர் அமெரிக்காவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவில் விசித்திரமான நாட்கள் முளைக்க ஆரம்பித்தன. செப்டம்பர் 19 கடற்கொள்ளையர் மாதிரி பேசும் நாள். 1995இல் இரண்டு நண்பர்கள் விளையாட்டாகத் தொடங்கி உலகத்துக்கே தொற்றியது. மார்ச் 14 கணிதத்தின் பை நாள். 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அறிவியல் கூடத்தில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் தொடங்கியது. அன்றைக்குச் சரியாக 3.14 கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லா நாளுக்கும் ஏற்ற வேஷம் உண்டு.

சாண்டா ஓட்டத்தில் எங்கள் மிகச் சிறந்த வேகம் ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் பதிவானது. தினமும் எங்களைப் பார்த்து வாலை மட்டும் ஆட்டும் அதே தெருநாய்கள், தாடியைப் பார்த்ததும் அடையாளம் மறந்து துரத்தின. மானுக்குத்தான் ஆபத்து அதிகமாக இருந்தது. ஒரு மிருகம் துரத்த, மனிதன் வேஷத்தோடு ஓடும் கதை ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சொன்னவர் எங்களுக்கு அந்த உடுப்பைத் தைத்த டெய்லர் அண்ணன். மேற்கு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படியின் கீழ், ஒரே ஒரு மெஷின் வைத்திருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். அளவெடுக்கும்போதே, "ஓடுறதுக்கு வெல்வெட்டா தம்பி? வேர்வைய பூரா துணி குடிச்சிரும். பருத்தியில தைப்போமே" என்றார். நான் கேட்கவில்லை. பிப்ரவரியில், பை நாளுக்காக நெஞ்சில் அந்தக் கிரேக்க எழுத்தை ஒட்டிய சட்டை தைக்கப் போனபோது மெஷினில் ஓர் அட்டை தொங்கியது: சிவராத்திரியை ஒட்டி நான்கு நாள் கடை விடுமுறை. அவர் அதற்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பை நாளா? பைக்கெல்லாமா நாளு?"

கணக்கில் வரும் பை என்று விளக்கினேன். பாதியிலேயே கையமர்த்திவிட்டு, தன் மூட்டையிலிருந்து காவித் துணியில் தைத்த ஒரு சின்னச் சுருக்குப்பையை எடுத்துக் காட்டினார். "எங்க ஊர்லயும் பைய கட்டிக்கிட்டு ஓடுவோம். உங்க ஓட்டம் எத்தன கிலோமீட்டரு?"

"மூணு புள்ளி ஒண்ணு நாலு."

"எங்களது நூறாக்கும்."

அது சிவாலய ஓட்டம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய் சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தில் முடியும். பன்னிரண்டு சிவன் கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம், வெறுங்கால். ஓடுகிறவர்களுக்கு 'கோவிந்தன்மார்' என்று பெயர். சிவன் கோயிலுக்குச் சிவன் கோயில் ஓடிக்கொண்டு அவர்கள் போடும் சத்தம் "கோவிந்தா, கோபாலா". காவி வேட்டி, கையில் ஓலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. தமிழ்நாட்டில் சீருடையோடு நடக்கும் தொலைதூர ஓட்டம் எது என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் ஏதாவது ஒரு மாரத்தானின் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். முப்பத்து நான்கு வயதுவரை இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

அன்றிரவு உட்கார்ந்து, உலகத்தில் மனிதர்கள் வேஷம் கட்டி ஓடிய கதைகளைத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒன்று புரிந்தது. இந்த ஓட்டங்களின் வரலாறு வேடிக்கையின் வரலாறாக மட்டும் இல்லை. யார் எதை உடுத்திக்கொண்டு எங்கே போகலாம் என்ற வழக்கும் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது.

மிகப் பழையது கிரேக்கம். கி.மு. 520இல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட ஓர் ஓட்டத்தில் வீரர்கள் தலைக்கவசமும் கேடயமும் தாங்கி ஓடினார்கள். மற்ற எல்லா ஓட்டங்களும் அங்கே அம்மணமாக நடந்தவை என்பதால், உடுப்போடு ஓடியதுதான் அங்கே விசேஷம். ஆனால் அது போர்ப் பயிற்சி. விளையாட்டுக்காக வேஷம் கட்டி ஓடியவர் என்று பெயரோடு கிடைப்பவர் சான் பிரான்சிஸ்கோக்காரர்.

1906இல் அந்த நகரம் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தது. மீண்டெழும் ஊருக்கு உற்சாகம் ஊட்ட 1912 ஜனவரி 1 அன்று நகரத்தின் குறுக்கே, வளைகுடாவிலிருந்து பெருங்கடல் வரை ஓர் ஓட்டம் நடத்தினார்கள். 'பே டு பிரேக்கர்ஸ்' என்று இன்றும் நடக்கிறது. சுமார் 12 கிலோமீட்டர். 1940இல் ஜான் கேஹில் என்பவர் கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையனின் வேஷத்தில் ஓடிக் கடைசியாக வந்து சேர்ந்தார். அவரிடமிருந்துதான் அந்த ஓட்டத்தின் வேஷக் கலாசாரம் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1978இல் பதின்மூன்று பேர் ஒரே உடுப்பில் பிணைந்து ஒரு பூரானாக ஓடினார்கள். 1986இல் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர் ஓடினார்கள். அவர்களில் எத்தனை வாழைப்பழங்கள், எத்தனை எல்விஸ்கள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதே 1940ஆம் ஆண்டின் இன்னொரு பெயர். பாபி பர்க் என்ற பெண், ஆண் வேஷத்தில் அந்த ஓட்டத்தை ஓடினார். பெண்களுக்கு அனுமதி இல்லை என்பதால் வேறு வழி இல்லை. பெண்கள் அங்கே முறையாக ஓட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே வருடம், ஒரே சாலை, இரண்டு வேஷம். கேஹில் எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று கட்டினார். பர்க் யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று கட்டினார். வரலாற்றுப் பத்திகளில் இருவரும் அடுத்தடுத்த வரிகளில் வருகிறார்கள், ஏதோ ஒரே மாதிரி குறும்பு செய்தவர்கள்போல. எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. கேஹிலின் வேஷம் கலைந்திருந்தால் அவர் கொஞ்சம் வேகமாக ஓடியிருப்பார், அவ்வளவுதான். பர்க்கின் வேஷம் கலைந்திருந்தால் ஓட்டமே இல்லை.

அதன் பிறகு எதைப் படித்தாலும் இந்த இரட்டைக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. லண்டன் மாரத்தான் 1981இல் தொடங்கியது. இன்று அது வேஷக்காரர்களின் திருவிழா. காண்டாமிருகப் பாதுகாப்புக்கு நிதி திரட்டுகிறவர்கள் சுமார் பத்துக் கிலோ காண்டாமிருகக் கூட்டுக்குள் புகுந்துகொண்டு ஓடுவார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும் எந்தத் தஞ்சாவூர்க்காரரும் இது நம் பொய்க்கால் குதிரையின் தூரத்து உறவு என்று சொல்லிவிடுவார்; நம்மவர்கள் கட்டைக்கால் வேறு கட்டியிருப்பார்கள். 2002இல் லாயிட் ஸ்காட் என்பவர் பழங்காலத்து ஆழ்கடல் மூழ்கு உடையை அணிந்து அதே மாரத்தானை நடந்தே முடித்தார். உடையின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல். ஐந்து நாளுக்கும் மேல் ஆனது. அவர் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், அதே நோய்க்காக நிதி திரட்டியவர். டீக்கடை அக்கா அவரிடம் "வேண்டுதலா?" என்று கேட்டிருந்தால் அவர் தயங்காமல் ஆமாம் என்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

2019இல் நடந்தது இன்னும் சுவாரசியம். ஜெசிக்கா ஆண்டர்சன் லண்டனில் செவிலியர். தான் அன்றாடம் வார்டில் போடும் மேல்சட்டையும் கால்சட்டையும் அணிந்து மாரத்தானை 3 மணி 8 நிமிடம் 22 விநாடியில் முடித்தார். செவிலியர் உடையில் ஓடிய பெண்களில் அதுவே வேகமானது. கின்னஸ் நிறுவனம் ஏற்க மறுத்தது. அவர்களுடைய விதிப்படி செவிலியர் என்றால் கவுனும் முன்துணியும் தொப்பியும் இருக்க வேண்டும். அதாவது, நிஜமான செவிலியரின் நிஜமான உடை செவிலியர் வேஷத்துக்குப் போதாது! உலகம் முழுக்கச் செவிலியர்கள் தங்கள் உடையோடு படம் எடுத்துப் போட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, விதியை மாற்றி, சாதனையை அங்கீகரித்தது. பள்ளி மாறுவேடப் போட்டியில் வெண்டைக்காயாகப் போய், "தலையில் காம்பு இல்லை" என்று மூன்றாம் பரிசோடு திரும்பிய எனக்கு அவருடைய கோபம் நன்றாகவே புரிந்தது. ஒரு பெண் வேலைக்கு என்ன உடுத்துகிறாள் என்பதை அந்த வேலையையே பார்க்காதவர்கள் பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு முடிவு செய்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதன் மறுபாதி நடக்கிறது. 2017 ஹைதராபாத் மாரத்தானை ஜெயந்தி சம்பத்குமார் புடவையில் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தார். 2023இல் மதுஸ்மிதா ஜெனா சம்பல்புரிப் புடவையில் மான்செஸ்டர் மாரத்தானை 4 மணி 50 நிமிடத்தில் ஓடினார். செய்திகள் இதை வேஷ வரிசையில் வைத்தன. புடவை வேஷமா? தாம்பரம் ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். பீச் வண்டி நகரத் தொடங்கியபின் புடவையில் எத்தனை பேர் படிக்கட்டில் இறங்கி ஓடுகிறார்கள், கையில் டிபன் பை, கழுத்தில் அலுவலக அட்டை. 1931இல் அந்தப் பாதைக்கு மின்சாரம் வந்த நாளிலிருந்து நடக்கும் ஓட்டம் அது. அதற்கு யாரும் நேரம் குறிப்பதில்லை.

சரி, தெற்கே போவோம். டெய்லர் அண்ணன் சொன்ன கதை இது. தர்மர் யாகம் நடத்துகிறார். புருஷாமிருகத்தின் பால் வேண்டும். இடுப்புக்குக் கீழே மிருகம், மேலே மனிதன், தீவிர சிவபக்தன், விஷ்ணுவின் பெயர் காதில் விழுந்தாலே ஆகாது. பீமனை அனுப்புகிறார் கிருஷ்ணன், கையில் பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்து. பீமன் போய் "கோவிந்தா, கோபாலா" என்கிறான். மிருகம் பாய்கிறது. பிடிபடப்போகும் சமயம் பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட, அது சிவலிங்கமாகிறது. மிருகம் துரத்துவதை நிறுத்திவிட்டு நீராடிப் பூசை செய்ய உட்கார்ந்துவிடுகிறது. பீமன் பால் கறக்கப் பார்க்கிறான் அல்லது ஓடுகிறான், சொல்பவரைப் பொறுத்தது. பூசை முடிந்ததும் மறுபடி துரத்தல், மறுபடி ருத்திராட்சம். பன்னிரண்டாவது திருநட்டாலத்தில். அங்கே அரியும் அரனும் ஒன்றென்று சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்து மிருகம் அடங்குகிறது. பீமனின் ஒரு கால் எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமும் இருந்ததாகவும், பாதி உடல் மிருகத்துக்கே சொந்தம் என்று தர்மர் தம்பிக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னதாகவும் ஒரு வடிவம் உண்டு. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரம் கோயில் தூண் ஒன்றில் அந்த வழக்கு கல்லில் நிற்கிறது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டில் 'முயலும் வேட்டைநாய்களும்' என்றொரு விளையாட்டு இருந்தது. முயலாக ஓடுகிறவன் வழியெல்லாம் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவான். நாய்களாக வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு துரத்துவார்கள். ஷ்ரூஸ்பரி பள்ளியில் பிரபலமான இந்த விளையாட்டிலிருந்துதான் இன்றைய கிராஸ் கன்ட்ரி ஓட்டம் வளர்ந்தது. அதையே 1938இல் கோலாலம்பூரில் ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்ற கணக்காளர் வெள்ளைக்கார நண்பர்களோடு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஆடத் தொடங்கினார்; 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்று உலகமெங்கும் பரவியது. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையிலேயே பால் வெட்டக் கிளம்பிய தமிழர்கள், மாலையில் துரைமார் அரைக்கால் சட்டையோடு காகிதத்தைத் துரத்தி ஓடுவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். 1987இல் கலிபோர்னியாவில் அந்தக் கூட்டத்தின் ஓர் ஓட்டத்துக்கு டோனா ரைன்ஹார்ட் என்ற பெண் சிவப்பு கவுனில் வந்திறங்கினார். "உனக்குச் சரிப்படாது, வண்டியிலேயே இரு" என்ற பொருளில் ஒருவர் சொல்ல, அதே கவுனோடு ஓடினார். அடுத்த ஆண்டு ஆண்களும் சிவப்பு கவுன் கட்டி ஓடினார்கள். இன்றும் உலகத்தின் பல ஊர்களில் அது ஆண்டுதோறும் நடக்கிறது.

முயல் காகிதம் போடுவது வழி காட்ட. பீமன் ருத்திராட்சம் போடுவது துரத்துகிறவனைத் தாமதப்படுத்த. ஆட்டம் ஒன்றுதான், விதி தலைகீழ். ஆனால் நம் ஆட்டத்தில் துரத்துகிறவன் வேஷத்தை யாரும் கட்டுவதில்லை. அத்தனை ஆயிரம் பேரும் துரத்தப்படுகிறவனாகவே ஓடுகிறார்கள்.

இதை நான் டெய்லர் அண்ணனிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னபோது அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ஓடுறதுக்கே விட்டாதானே தம்பி, முயலா நாயாங்கிற கேள்வி" என்றார். "எங்க தாத்தா ஓடல. அப்பாதான் மொதல்ல ஓடுனது."

அந்த வரியின் பின்னால் இருக்கும் வரலாற்றை நான் பாடப்புத்தகத்தில் படித்தவன்தான். ஓட்டத்தோடு இணைத்து யோசித்ததில்லை. கல்குளமும் விளவங்கோடும் அன்று திருவிதாங்கூர் ராஜ்ஜியம். அந்தப் பெயரே பத்தாவது கோயில் நிற்கும் திருவிதாங்கோட்டிலிருந்து வந்ததுதான். அந்த மண்ணில் நாடார் பெண்கள் உள்ளிட்ட பலருக்கு மார்பை மறைத்து உடுத்த உரிமை இல்லை. கிறித்தவரானவர்கள் குப்பாயம் என்ற சட்டையை அணியலாம் என்று ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. அதுவே கலகமானது. 1822இல் அது வெடித்த இடங்களில் ஒன்று கல்குளம். சந்தைக்குப் போன பெண்களின் சேலை கிழிக்கப்பட்டது. 1858–59இல் மறுபடி பெருங்கலவரம். 1859 ஜூலை 26 அன்று அரசர் பிரகடனம் வந்தது: நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணியால் மேலை மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது. உடையை அனுமதித்த அதே உத்தரவு, அதை எப்படி உடுத்த வேண்டும் என்பதைக் கையில் வைத்துக்கொண்டது. கின்னஸ் விதிப்புத்தகத்தைப் படித்தபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. ஒப்பிடக் கூடாதுதான். அங்கே ஒரு சான்றிதழ், இங்கே உடம்பு.

கோயில்களும் அப்படியே. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிடும்வரை, அரசின் கோயில்கள் பெருந்தொகையான மக்களுக்கு மூடியே இருந்தன. சிவாலய ஓட்டம் எத்தனை நூற்றாண்டுப் பழமையானது என்று பெருமையோடு எழுதுகிறவர்கள் உண்டு. டெய்லர் அண்ணன் வீட்டுக் கணக்கில் அதன் வயது நூறு ஆகவில்லை. தாத்தா காலத்தில் கோவிந்தன்மார் வரும் சத்தம் கேட்கும், விலகி நின்று பார்ப்பார், அவ்வளவுதானாம். 1950களில் அப்பா பதினாறு வயதில் காவி வேட்டி கட்டி விசிறி எடுத்தபோது, தாத்தா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வேட்டியைத் தொட்டுப் பார்த்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

"நீங்களும் வாங்க தம்பி" என்றார்.

தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இரவில் போகும் அந்த்யோதயாவில் முன்பதிவு கிடையாது, முந்துகிறவருக்கு இடம். அவர் போன மறுநாள் நான் ஏறினேன். முழுத் தூரம் எனக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டதால், சிவராத்திரி அன்று தக்கலையில் இறங்கி, ஏழாவது கோயிலான கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலில் காத்திருப்பதாக ஏற்பாடு. பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் கோயில். அரண்மனை பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களும் ஈர வேட்டியோடு வந்த கோவிந்தன்மாரும் ஒரே கடையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டு கோயிலைச் சுற்றுகிறவர்கள் இப்போது ஏராளம். ஆனாலும் சாலையில் வெறுங்கால்கள் ஓயவில்லை. கிழவர்கள், கல்லூரிப் பையன்கள், அப்பாவின் விரலைப் பிடித்த சின்னப் பையன்கள். ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். பாபி பர்க்கை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் வியர்வை உறிஞ்சும் டி-ஷர்ட், ஷூ, கையில் ஜிபிஎஸ் கடிகாரம் என்று நின்ற நான்தான் வேஷக்காரன். டெய்லர் அண்ணன் குளத்தில் முங்கி எழுந்து ஈரத்தோடு வந்தார். இரவு முழுக்க ஓடியும் நடந்தும் வந்த முகம். என்னைப் பார்த்ததும் தோள் துணியை அவிழ்த்து, பிழிந்து மடித்து வைத்திருந்த இன்னொரு காவி வேட்டியையும் ஒரு விசிறியையும் நீட்டினார்.

நான் தயங்கினேன். "அண்ணே, நான் சாமி கும்பிடுறவன் இல்லையே. கட்டுனா வேஷமாயிடாதா?"

"பீமன் என்ன, சிவன கும்பிட்டுக்கிட்டா ஓடுனான்? உசுருக்குப் பயந்துல்லா ஓடுனான். கட்டும்."

கட்டினேன். அந்த வேட்டிக்குள் நுழைந்த மறுநிமிடம் ஒன்று நடந்தது. கல்குளத்திலிருந்து மேலாங்கோடு பக்கம்தான். அந்தச் சாலை நெடுக என்னை யாரும் பார்க்கவில்லை. தாம்பரத்தில் சாதாரண ஷார்ட்ஸில் ஓடினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே, மத்தியான வெயிலில், அரைகுறையாக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தார் சுட்டதில் நொண்டிக்கொண்டு ஓடும் ஒருவனை ஒரு வீட்டு வாசலில் நின்ற பாட்டி நிறுத்தி, பானகம் கொடுத்து, "மெதுவா போங்க மக்களே" என்றார். எந்த ஊர் என்றோ என்ன சாதி என்றோ எதற்கு ஓடுகிறாய் என்றோ கேட்கவில்லை. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் வேட்டியே பதில் சொல்லிவிட்டது. டெய்லர் அண்ணனின் தாத்தா தொட்டுப் பார்த்தது இதைத்தானோ என்று தோன்றியது.

திருவிதாங்கோட்டில் இரண்டு பாதத்திலும் கொப்புளம். திருப்பன்றிக்கோட்டுக்குப் பாதி தூரம் ஆட்டோவில் போனேன். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார், வாயில் "கோவிந்தா, கோபாலா" மட்டும். இருட்டியபின் திருநட்டாலத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். சங்கரநாராயணர் சந்நிதிக்கு எதிரே ஒரு திண்ணையில் சாய்ந்து, விசிறியால் தன் பாதத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். என் கடிகாரம் எப்போதோ அணைந்திருந்தது.

ஊர் திரும்பியபின் பை நாள் வந்தது. சட்டையை வாங்கப் போனேன். பருத்தியில்தான் தைத்திருந்தார். காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, "அந்த வேட்டிய தொவச்சுக் குடுத்துருங்க தம்பி" என்றார். "மார்க்கெட்ல ஒரு பையன் அடுத்த வருஷம் வாறேன்னு கேட்டிருக்கான்."